மோட்டார் காரும் மௌடீகமும்

நமது நாட்டில் மோட்டார் கார் வைத்துக்கொண்டிருக்கும் கனவான்களை நாம் ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகின்றோம். அதாவது, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து, மாதா மாதம் பேங்கிக்குத் தவணை கட்டி வாங்கிய வண்டி அவர்களுக்குச் சொந்தமா, அல்லது அவ்வண்டிக்கு அவர்கள் சொந்தமா என்பதேயாகும். இதை நாம் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மாத்திரம் கேட்கின்றது, வண்டி கிளம்பவில்லை. உடனே உடையவர் என்ன செய்கின்றார்? கீழே இறங்குகின்றார், பானெட்டைத் தூக்குகின்றார், இரண்டு நிமிஷம் உள்ளே பார்க்கின்றார், மறுபடியும் மூடிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்கின்றார். அந்த இரண்டு நிமிஷமும் அவர் எதைப் பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கர்ப்பக்கிருகத்து இருட்டுக்குள் எட்டிப் பார்க்கின்றவன் எதைக் காண்கின்றானோ அதைத்தான் அவரும் கண்டிருப்பார்.

பிறகு மெக்கானிக்கு வருகின்றார். "பேட்டரி போச்சுங்க" என்கின்றார். உடையவர் தலையை ஆட்டுகின்றார். "செல்ஃப் மோட்டார் போச்சுங்க" என்றால் அதற்கும் தலையாட்டம். "கம்ப்யூட்டர் போச்சுங்க" என்றால் தலையாட்டத்தோடு ஒரு பெருமூச்சும் வருகின்றது. சோதித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு நம்புவதைத் தவிர வேறு வழி ஏது? எந்த விஷயத்தில் சோதிக்க முடியாமல் நம்ப மட்டுமே முடிகின்றதோ, அந்த விஷயத்தில் ஒரு பூசாரி தானாகவே உற்பத்தியாகிவிடுவான். அவன் விபூதி பூசியிருக்க வேண்டுமென்கிற கட்டாயமில்லை. கம்பெனி முத்திரை போட்ட சட்டையும் போட்டிருக்கலாம்.

இதை நாம் ஊரார் கதையாக எழுதவில்லை. நாமே மூன்று தடவை ஏமாந்த பிறகுதான் எழுதுகின்றோம். நம்மிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கின்றது. சென்ற வருஷம் அது சில நாள் காலையில் கிளம்பும், சில நாள் கிளம்பாது என்கிற நிலைக்கு வந்தது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லிப் புதிது போட்டு 5,600 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள் நன்றாக ஓடிற்று. பதினோராம் நாள் பழைய "டிக்". மறுபடியும் போனோம். செல்ஃப் மோட்டார் கெட்டுவிட்டது என்று 9,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு வாரம் சென்றது, மறுபடியும் "டிக்". மூன்றாந்தடவை போனபோது, எஞ்சினுடைய கம்ப்யூட்டரே போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். ஸ்கேனரில் காட்டுகின்றது என்றார்கள். என்ன காட்டுகின்றது, நமக்கும் காட்டுங்களேன் என்றோம். அதற்கு அந்த இடத்தில் கிடைத்த பதில், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்பதாகும்.

அந்த 38,000 ரூபாயைவிட இந்த ஒரு வார்த்தைதான் நமக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனெனில் இந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் காலத்திலும் அவனுக்கு முப்பாட்டன் காலத்திலும் நம்மவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டு வந்த வார்த்தைதான் இது. "உனக்குப் புரியாது, நீ கேட்கக்கூடாது, நான் சொல்லுவதைக் கேட்டுக் காணிக்கையை வைத்துவிட்டுப் போ" என்பதைச் சுலோகத்தில் சொன்னால் என்ன, சர்வீஸ் பில்லில் எழுதினால் என்ன?

வண்டியைத் திருப்பி வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். நமது தோழர் ஒருவர் பக்கத்து ஊரில் பம்பு செட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எட்டாவதுக்குமேல் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் தமது மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார், 12.6 வோல்ட் காட்டிற்று. "பேட்டரி நன்றாக இருக்குதுங்க" என்றார். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மற்றொரு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு நம்மைச் சாவியைத் திருப்பச் சொன்னார். மீட்டர் 4 வோல்ட் காட்டிற்று. "இங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது, 4 காட்டுகிறது, களவு இங்கேதான்" என்றார். எஞ்சினிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த்து ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். உள்ளே முழுவதும் துரு. உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கி முடுக்கினார். வண்டி கிளம்பிற்று. அன்று முதல் இன்று வரை ஒரு நாளும் நிற்கவில்லை. செலவு, உப்புத்தாள் ஒன்று. நேரம், நாற்பது நிமிஷம்.

வாசகர்களே! இதில் மந்திரம் ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை. ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு. அந்தக் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகின்றோம்.

தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த எவனுக்கும் மின்சாரம் புரியும். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கின்றதோ அதற்குத் தக்கபடி தண்ணீர் அழுத்தும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்ட். குழாய் வழியாக எவ்வளவு தண்ணீர் ஓடுகின்றதோ அந்த ஓட்டத்துக்குப் பெயர் ஆம்பியர். குழாய் ஒடுங்கியோ அடைத்தோ இருந்தால் ஓட்டம் தடைப்படும் அல்லவா? அந்தத் தடைக்குப் பெயர் ஓம். ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் அந்தத் தடையில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும். இவ்வளவுதான் சட்டம். இதை 1827-ல் ஜெர்மனியில் எழுதி வெளியிட்ட ஜார்ஜ் ஓம் என்பவர் ஒரு பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன், பள்ளிக்கூட வாத்தியார்.

இப்போது நம் வண்டிக்கு வருவோம். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது சிறிய காரிலேயே 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். 100 என்றே வைத்துக்கொண்டாலும், 4 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 0.04 ஓம் வருகின்றது. அதாவது அந்தத் துரு கொடுத்த தடை ஒரு ஓமில் நூற்றில் நான்கு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்த அற்பத் தடையானது, பாரம் ஏறியபோது 11 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்த பேட்டரியிலிருந்து 4 வோல்ட்டை விழுங்கிவிட்டு மோட்டாருக்கு 7 வோல்ட் மாத்திரம் கொடுத்தது. மோட்டார் சுற்றுமா? புதுப் பேட்டரி போட்டபோதும், புது மோட்டார் போட்டபோதும் அங்கிங்கு ஒயர்கள் அசைந்ததில் துரு சற்று விலகிக்கொடுத்தது. ஆதலால் சில நாள் ஓடிற்று. நாமோ அதை மாற்றியதனால் சரியாயிற்று என்று நம்பினோம். தாயத்துக் கட்டினபிறகு காய்ச்சல் விட்டால் தாயத்தால்தான் விட்டது என்று நம்புகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே 0.04 ஓம் துருவும் நம்முடைய அறியாமையும் சேர்ந்து நம்மிடமிருந்து 14,600 ரூபாயைப் பறித்துக்கொண்டன. இதில் துருவின் பங்கு கொஞ்சம். அறியாமையின் பங்குதான் அதிகம்.

நிற்க, "இந்தக் காலத்து வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, பழைய வண்டிபோல நாம் தொட முடியுமா?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். இதுதான் பெரிய பூச்சாண்டி. அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கின்றது என்று பார்ப்போமானால், அது மூன்று வேலைதான் செய்கின்றது. கேட்கின்றது, ஒப்பிடுகின்றது, கட்டளையிடுகின்றது. எஞ்சின் சூடாயிருக்கின்றதா, காற்று எவ்வளவு உள்ளே போகின்றது, கால் எவ்வளவு அழுத்துகின்றது என்பவைகளைச் சென்சார்கள் மூலமாகக் கேட்கின்றது. தனக்குள் எழுதி வைத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுகின்றது. பிறகு பெட்ரோல் இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடி நேரம் திறந்து மூடும்படி கட்டளையிடுகின்றது. சூட்டைச் சொல்லும் சென்சார் என்பது, சூடு ஏற ஏறத் தடை குறைந்துகொண்டே போகும் ஒரு சிறு துண்டு, அவ்வளவுதான். குளிர்ந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான ஓம் காட்டுவது கொதிநிலைக்கருகில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். வெந்நீர் டம்ளருக்குள் அதை விட்டு மீட்டரை வைத்தால் எண் இறங்குவதைக் குழந்தைகூடப் பார்க்கலாம்.

ரிலே என்பது என்ன? சின்ன ஓட்டத்தைக் கொண்டு பெரிய ஓட்டத்தைத் திறந்துவிடும் மடை. உள்ளே கம்பிச் சுருள் ஒன்று காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கின்றது. அசையும் தகடு இல்லாமலே அதே வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர். ஒரு பக்கமாக மாத்திரம் போகவிட்டுத் திரும்ப விடாத கதவு டையோடு. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குத் தீனி போடும் ஆல்டர்னேட்டருக்குள் இந்த டையோடுகள்தான் அலைந்து திரும்பும் மின்சாரத்தை ஒரே திசையில் போகச் செய்கின்றன. அந்த ஆல்டர்னேட்டர் வேலை செய்கின்ற தத்துவத்தை 1831-ல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லனுடைய மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.6-லேயே நின்றாலோ அதற்கும் கீழே இறங்கினாலோ தீனி வரவில்லை என்று அர்த்தம். புதுவிதச் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே சற்று நேரம் தீனியைக் குறைப்பதும் உண்டாதலால், விளக்கைப் போட்டு இரண்டொரு தடவை பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தவுடன் பலருக்கு அடிவயிறு கலங்குகின்றது. அது கெட்ட சகுனமல்ல. கம்ப்யூட்டர் எழுதிவைத்த ஒரு கடிதம். அமெரிக்காவில் 1996-ம் வருஷ மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கென்று 16 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான பிளக்கு வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நமது நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்குமேல் அந்தப் பிளக்கு இருக்கும். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு கருவியை அதில் சொருகினால் கையிலிருக்கும் போனிலேயே கடிதத்தைப் படிக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் கடிதத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. உதாரணமாக P0420 என்று வந்தால், புகையைச் சுத்தி செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்வதாகத் தெரியவில்லை என்றுதான் பொருள். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல ஆயிரம் ரூபாய்க்குப் புதிது போடு என்று பொருளல்ல. ஆக்ஸிஜன் சென்சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம், புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம், ஒயர் கருகியிருக்கலாம். கடிதம் சந்தேகத்தைச் சொல்லுகின்றது. அளந்து பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும். கடிதத்தை மாத்திரம் படித்துவிட்டுச் சாமானை மாற்றுகிறவன் ஜாதகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் வைத்தியனுக்குச் சமானமேயாவான்.

இன்னும் ஒரு சாதாரண நோயைச் சொல்லுகின்றோம். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகின்றது என்று பலர் முறையிடுகின்றார்கள். நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், பூட்டு, அலாரம் ஆகியவை கொஞ்சம் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவு. 45 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதும் காலியாக ஒரு மாதத்துக்கு மேலாகும். அதற்குப் பதில் எங்கோ அரை ஆம்பியர் ஒழுகிக்கொண்டிருந்தால் 90 மணி நேரத்தில் பேட்டரி சுத்தமாகக் காலி. வண்டியைக் கிளப்பும் சக்தி அதற்கு வெகு முன்னமேயே போய்விடும். இந்த ஒழுக்கைப் பிடிப்பது எப்படி? பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையிலே மீட்டரை அதன் 10 ஆம்பியர் துவாரத்தில் மாட்டி, கதவுகளைச் சாத்தி, கம்ப்யூட்டர்கள் தூங்குவதற்கு அரைமணி நேரம் விட்டு, பிறகு ஃபியூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவேண்டியது. எந்த ஃபியூசைப் பிடுங்கியதும் எண் விழுகின்றதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மாத்திரம் சாவியைத் திருப்பிக் கிளப்பக்கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இதற்கு வேண்டியது பொறுமையே தவிரப் பட்டமல்ல. இதைச் செய்யத் தெரியாமல் வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

இனி ஃபியூஸ் விஷயம். ஃபியூஸ் போய்விட்டால் அதே எண்ணுள்ள ஃபியூசைத்தான் போடவேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். 10 அடிக்கடி போகின்றதே என்று 30 போடுகிற புத்திசாலிகளும், சிகரெட்டுப் பெட்டி வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் சொருகுகிற மகா புத்திசாலிகளும் இருக்கின்றார்கள். இவர்கள் காவற்காரன் குரைக்கின்றான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர்கள். முன்விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போட்டால், இரண்டு பல்புக்கும் சேர்ந்து 10 ஆம்பியர் ஓடின ஒயரில் 16-க்கு மேல் ஓடும். ஒயர் சுடும், உறை உருகும், பிறகு வண்டி தீப்பிடித்தால் தலைவிதி என்பார்கள். தலைவிதியை வாட்டால் பெருக்கி வோல்ட்டால் வகுக்கத் தெரிந்திருந்தால் அந்த விதி வந்திருக்காது.

இவ்வளவு சுலபமான விஷயத்தை நம்மவர்கள் ஏன் கற்றுக்கொள்ளுவதில்லை? புத்தியில்லாமலா? இல்லை. காரணம் வேறு. இந்த நாட்டில் கையில் கிரீஸ் பட்டால் இழிவு, ஏட்டைப் பிடித்தால் மேன்மை என்று வெகுகாலமாகக் கற்பித்து வைத்திருக்கின்றார்கள். இரும்படிக்கிறவனும், தோல் தைக்கிறவனும், மண் பிசைகிறவனும் கீழ். அவர்கள் செய்ததை உட்கார்ந்து அனுபவிக்கிறவன் மேல். இந்த ஜாதிப் புத்தி மோட்டார் கார் வந்தபிறகும் போகவில்லை. எலக்ட்ரானிக்ஸில் பி.ஈ. பட்டம் வாங்கின பிள்ளைக்குத் தன் காரில் ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கின்றது என்று தெரியவில்லை. தெரியாததற்கு அவர் வெட்கப்படுவதுமில்லை. "அதெல்லாம் மெக்கானிக்கு வேலை" என்று பெருமையாகச் சொல்லுகின்றார். ஆனால் பட்டிக்காட்டில் பம்பு செட்டு வைத்திருக்கும் விவசாயி மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் தானே கண்டுபிடிக்கின்றான், ஃபியூஸ் கட்டுகின்றான், ஸ்டார்ட்டரின் முனையைத் தேய்க்கின்றான். இவ்விருவரில் படித்தவன் யார் என்று கேட்கின்றோம்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் பாருங்கள். பள்ளிக்கூடப் படிப்பில் அதிகம் தங்காதவர். ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் ஆசை கொண்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, ஏறிச் சவாரி செய்வதோடு நிற்காமல் அக்கக்காகப் பிரித்துப் பூட்டிப் பார்த்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ்ஸை விட்டவர், பிற்காலத்தில் பெரிய பஸ் கம்பெனிக்கும் பல யந்திரங்களுக்கும் உரியவரானார். பிரித்துப் பார்க்க அஞ்சியிருந்தால் அவர் ஆகியிருப்பாரா?

பெண்மக்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். "இது ஆம்பிளை வேலை" என்று நம் வீடுகளில் சொல்லுகின்றார்கள். 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மையார் தம் புருஷர் செய்த மோட்டார் வண்டியை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போனார். உலகத்தில் காரில் செய்த முதல் நெடும் பிரயாணம் அதுதான். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார் என்றும், தீப்பொறி ஒயரின் உறை கெட்டபோது காலுறைப் பட்டியைச் சுற்றி மின்சாரம் ஒழுகாமல் செய்தார் என்றும் சரித்திரம் சொல்லுகின்றது. ஆகவே வழியில் காரின் மின்சாரக் கோளாறைச் சரிசெய்த பெருமை அந்தக் காலத்திலேயே ஒரு பெண்ணுக்கு உண்டு. இன்று நம் பெண்கள் கார் ஓட்டுகின்றார்கள், ஸ்கூட்டர் ஓட்டுகின்றார்கள். இருட்டில் வண்டி நின்றால் வழியில் போகும் ஆண்பிள்ளைக்காகக் காத்திருக்கவேண்டியது என்ன தலையெழுத்து? ஆதலால் இந்த அறிவு ஆண்களைவிடப் பெண்களுக்கே முதலில் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, நம்மவர்கள் வண்டிக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை செய்கின்றார்கள். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் உண்டு. நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகின்றார்கள். அன்றைய தினம் பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைத் துடைப்பவர் மாத்திரம் இல்லை. எலுமிச்சம்பழத்தை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு பழத்தை எடுத்து, ஒரு பக்கம் செம்புக் கம்பியும் மறுபக்கம் துத்தநாகம் பூசின ஆணியும் குத்தி, மீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 0.9 வோல்ட் காட்டும். இரண்டு வேறு உலோகமும் புளித்த நீரும் சேர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதுதான் பேட்டரியின் அடிப்படைத் தத்துவம். நம் காரிலும் ஈயமும் ஈய ஆக்ஸைடும் கந்தக அமிலமும் சேர்ந்து ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் வீதம் ஆறு அறைகள் வரிசையாக இருப்பதனால்தான் 12.6 வோல்ட் வருகின்றது. ஆகவே சக்கரத்தின் கீழ் போன நான்கு பழமும் வீண். பிள்ளைகளின் கையில் கொடுத்த ஒரு பழம் பாடம்.

இனிப் பணக்காரக் கம்பெனிகளின் சங்கதிக்கு வருவோம். அறியாமை முழுவதும் நம் குற்றம் மாத்திரமல்ல. தெரியவொட்டாமல் தடுப்பதும் ஒரு வியாபாரமாக நடந்து வருகின்றது. 2014 ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையமானது, கார் செய்யும் 14 கம்பெனிகள் அசல் உதிரிச் சாமான்களும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்தன என்று தீர்ப்பளித்து, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல் விசாரணைக்குப் போனது வேறு விஷயம். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள், பழுதுபார்க்கும் விவரங்களைக் கம்பெனிகள் வெளியே கொடுத்தே ஆகவேண்டுமென்று 2012-ல் ஓட்டுப் போட்டுச் சட்டம் செய்துகொண்டார்கள். 2020-ல் மறுபடியும் ஓட்டுப் போட்டு அதை விரிவாக்கினார்கள். நமது இந்திய அரசாங்கமும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022-ல் ஒரு கமிட்டியை நியமித்தது. நல்லதுதான். ஆனால் உரிமையைச் சட்டம் கொடுக்கலாம். அறிவைச் சட்டம் கொடுக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் பத்திரிகைச் சுதந்திரம் கொடுத்து என்ன பயன்?

நம்மை எதிர்த்துச் சிலர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகின்றோம். "எல்லோரும் மெக்கானிக்கு ஆகிவிட்டால் மெக்கானிக்கு எப்படிப் பிழைப்பான்?" என்பார்கள். யாரும் எல்லாவற்றையும் தானே செய்யவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டவன் டாக்டரிடம் போகாமலிருப்பதில்லை; ஏமாறாமல் போகின்றான். தெருவோர மெக்கானிக்குத் தோழர் நமக்கு விரோதியும் அல்ல. அவரையும் கம்பெனிகள் நம்மைப்போலவே இருட்டில்தான் வைத்திருக்கின்றன. பாரத் ஸ்டேஜ் 6 வந்த 2020-க்குப் பிறகு கிராமத்துப் புது மோட்டார் சைக்கிளில்கூடப் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளாத மெக்கானிக்குக்குப் பிழைப்புப் போகப்போவது வாஸ்தவம். அது நம்மால் அல்ல.

"மின்சாரம் ஆபத்து அல்லவா?" என்பார்கள். ஆபத்து எது, எது அல்ல என்று பகுத்தறியவேதான் கற்றுக்கொள்ளச் சொல்லுகின்றோம். 12 வோல்ட் நம்மைப் பிடித்து உலுக்காது. ஆனால் ஸ்பானர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் நெருப்பாய்ப் பழுக்கும். ஆதலால் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டியது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டியது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருமாதலால் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. காற்றுப்பைக்குப் போகும் மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடவே கூடாது. மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் ஆரஞ்சு நிற ஒயரில் ஆளைக் கொல்லக்கூடிய வோல்ட் ஓடுகின்றது. அது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆனால் அந்த மின்சாரக் கார்களிலும் பெரும்பாலும் ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கின்றது என்பதையும், அது இறங்கிவிட்டால் லட்சக்கணக்கான ரூபாய்க் கார் கண்ணே திறக்காது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்ளுவது இதுதான். ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் பத்திரிகையோடு ஒரு மல்டிமீட்டரும், ஒரு பழைய பேட்டரியும், ஒரு ரிலேயும், நான்கு பல்பும் வையுங்கள். இவையெல்லாவற்றுக்கும் ஒரு திருவிழா வாணவேடிக்கைச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம், காயில் கட்டும் தோழரையோ ஒயரிங் தோழரையோ வாத்தியாராக உட்காரவைத்து, பட்டதாரிகளும் கூலித் தோழர்களும், ஆண்களும் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வாத்தியார் என்ன ஜாதி என்று மீட்டர் கேட்பதில்லை. யார் பிடித்தாலும் 12.6-ஐ 12.6 என்றுதான் காட்டுகின்றது. ஆளுக்குத் தக்கபடி பேசாமல் உண்மையையே பேசுகின்ற இப்படிப்பட்ட ஒரு சாட்சி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் எவனோ சொல்லுவதை நம்பிக்கொண்டிருப்பது மனிதனுக்கு அழகாகுமா?

இனிமேல் யாராவது "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொன்னால், "புரியும்படி காட்டு, அளந்து காட்டு, காட்ட முடியாவிட்டால் காசு கிடையாது" என்று சொல்லும் தைரியம் நம் ஒவ்வொருவருக்கும் வரவேண்டும். காரில் ஆரம்பிக்கும் இந்தக் கேள்வி காரோடு நிற்காது என்பது நமக்குத் தெரியும். நிற்கக்கூடாது என்பதுதான் நமது ஆசையுமாகும்.